காது கொடுத்தவர்களுக்கு

எட்டு ஆண்டுகளாக நடந்த என் ஆய்வு ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆய்வேட்டில் நன்றியுரைக்கு ஒரு பக்கம்தான் இடம். வழிகாட்டிப் பேராசிரியர், நெறிமுறைக் குழு, நிதி அளித்தவர்கள் என்று முறைப்படி எழுதியதும் பக்கம் நிரம்பிவிட்டது. நான் மெய்யாகவே கடன்பட்டிருப்பவர்கள் பலர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

என் ஆய்வு அங்கவடி எலும்பைப் பற்றியது. உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். செவிப்பறையின் அதிர்வை வாங்கி உட்செவி நீரை அசைப்பது இதன் வேலை. சிலருக்கு இதன் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து, துருப்பிடித்த கீல்போல் இறுகிவிடும். ஒலி வாசல்வரை வந்து நின்றுவிடும். 1956-இல் ஜான் ஷே என்ற மருத்துவர் இந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லானால் ஆன மாற்று எலும்பை வைத்தார். இப்போது அடித்தட்டில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, பிஸ்டன் எனப்படும் நுண்ணிய தண்டைச் செருகுகிறோம். பெரும்பாலோருக்குக் கேட்டுவிடுகிறது. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடுகிறது. அது ஏன் என்று தேடித்தான் இத்தனை ஆண்டுகளும் போயின.

இறந்தபின், உட்செவி அடங்கிய தங்கள் பொட்டெலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு முதல் வணக்கம். உயிரோடு இருப்பவரின் உட்செவியைத் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் கேட்கும் திறன் போய்விடும். நீங்கள் தந்திராவிட்டால் என் நுண்ணோக்கிக்கு வேலையே இல்லை. உங்களில் ஒருவர், தம் காதில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம் என்னவென்று பார்க்கச் சொல்லிப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். பார்த்தேன், ஐயா. உட்செவியில் நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அடிச்சுற்றில், ஒலியை உணரும் மயிர்க்கலங்களைக் காணவில்லை. அவை ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. உங்கள் கேள்விக்கு அது பாதி விடைதான்.

அந்த எலும்புகளைச் சீவித் தந்த ஆய்வகத் தொழில்நுட்பருக்கு நன்றி. எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கவே மாதக்கணக்கில் ஆகும். பிறகு 20 மைக்ரான் தடிமனில் சீவல் சீவலாக எடுக்க வேண்டும். "முடிந்ததா?" என்று தினமும் போய் நின்ற என்னை ஒருநாளும் அவர் வெளியே தள்ளவில்லை.

கேட்கும் திறனைச் சோதிக்கும் எங்கள் ஆடியாலஜிஸ்ட் அம்மையாரோ என்னை அழவே வைத்தார். முதல் ஆண்டில் எடுத்த ஆடியோகிராம்களில் (கேட்கும் அளவுப் பதிவுகளில்) கால்பங்கைக் கழித்துவிடச் சொன்னார். எலும்பு வழியாகச் செலுத்தும் ஒலி மண்டையோட்டைக் கடந்து மறு காதுக்குப் போய்விடும். அந்தக் காதில் இரைச்சல் கொடுத்து மறைக்காமல் எடுத்த அளவு, சோதிக்கும் காதின் அளவே அல்ல. அன்று கோபப்பட்டேன். அவர் விட்டுப்பிடித்திருந்தால் இன்று என் முடிவுகள் காற்றில் பறந்திருக்கும்.

அறுவை அரங்கில், துளை போடும் நேரத்தில் "மூச்சை விடுங்கள் டாக்டர்" என்று நினைவூட்டிய செவிலியருக்கும் நன்றி.

கடைசியாக ஒருவர். நூற்றில் ஒருவர் என்றேனே, அவர். அறுவை செய்தது நான்தான். அதற்கு முன்பு இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்றபோது, கேளாத வலது காதைக் காட்டினார். அங்கவடி இறுகியவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். அறுவைக்குப் பத்து நாள் கழித்து அதே கவையை வைத்தேன். இடது காதைக் காட்டினார். உட்செவி போய்விட்டது என்று அவர் வாய்திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உட்செவி நீரை உறிஞ்சிவிடுவது, பிஸ்டன் ஆழமாக இறங்குவது, துளையோரக் கசிவு, அழற்சி என்று தெரிந்த காரணங்களை எல்லாம் தேடினேன். அவரிடம் ஒன்றும் அகப்படவில்லை.

வழக்குப் போட்டிருக்கலாம். குறைந்தது வராமலாவது இருந்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து, கேளாத காதுக்கும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் ஆய்வில் மிகத் துல்லியமான பதிவு அவருடையது.

ஆய்வு முடிந்துவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று அவருடைய இடப்பக்கம் அமர்ந்து சொன்னேன். அடுத்த சோதனைக்கு நாள் குறித்துக்கொண்டுதான் போனார்.

நன்றியுடன்,
செவி அறுவை ஆய்வாளர் ஒருவர்