ஊர் விவரக் குறிப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

நம் ஊரின் மக்கள்தொகை, போக்குவரத்து விவரக் குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. பேர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கு. 2011 கணக்கெடுப்பு வருவாய்க் கிராம வாரியாக எண்களைத் தருகிறது. நம் ஊராட்சியிலோ இரண்டு வருவாய்க் கிராமங்கள். ஒன்றின் எண்ணை ஊராட்சிக்கு எழுதினால் மற்றதன் மக்கள் காணாமல் போய்விடுவார்கள். கிராம வரைபடத்தை விரித்து, எந்தக் குடியிருப்பு எதில் சேரும் என்று காட்டிக் கொடுத்தார். ஒப்பிடப் பக்கத்து ஊர்களைத் தேடுவோருக்கும் ஒன்று சொன்னார்: கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் அந்தக் கணக்கெடுப்பில் பேரூராட்சிகள், கிராமப் பட்டியலில் கிடைக்காது.

பெரிய செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வாசலை எண்ணினால் ஒரு வீடு இரண்டாகிவிடும். உள்ளே போனால் சிக்கல் தலைகீழ். மணமானதும் தனிக்குடும்பமாக வேறு வைத்த பிள்ளைகள் ஒரே வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றித் தனித்தனி அடுப்பில் சமைப்பார்கள். கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ஒரே சமையலில் உண்பவர்கள். ஆகவே கதவை விட்டு அடுப்பை எண்ணச் சொன்னார்கள். பூட்டிய வீடு எது, காவலாள் குடியிருக்கும் வீடு எது, பொங்கலுக்கு மட்டும் திறக்கும் வீடு எது என்பதெல்லாம் அவர்கள் சாவிக்கொத்துக்குத்தான் தெரியும்.

கோயில் புள்ளிக் கணக்கை, அதாவது கோயிலுக்குரிய குடும்பங்களைப் பதியும் ஏட்டைக் காட்டிய கணக்குப்பிள்ளைக்கும் நன்றி. மணமானவர் சென்னையிலிருந்தாலும் சிங்கப்பூரிலிருந்தாலும் புள்ளிதான். ஊருக்குரியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதைவிட நல்ல ஏடு கிடையாது. ஊரில் இருப்பவர்களை எண்ண அது உதவாது. இரண்டையும் கூட்டாமல் தனித்தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

அங்கன்வாடி அக்கா பதிவேட்டை வரிவரியாகப் பார்த்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களையும் அவர்கள் குழந்தைகளையும் பிரித்துக் கொடுத்தார். எழுத்தறிவு விகிதத்துக்கு 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் தொகையாலேயே வகுக்க வேண்டும் என்பதால், 0–6 எண்ணிக்கை பிசகினால் அதுவும் பிசகும். நூறு நாள் வேலைத்தளப் பொறுப்பாளரோ, ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைப்போரைத் தனியே குறித்துத் தந்தார்.

இனிப் பேருந்து. அரசு ஏட்டில் 'பேருந்து வசதி உண்டு' என்றிருக்கும். ஒரு நடை வந்தாலும் உண்டு, பத்து நடை வந்தாலும் உண்டு. இல்லையென்றால்தான் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10க்குள்ளா, அதற்கு மேலா என்று கேட்பார்கள். அது போதாது என்று நடத்துநர் அண்ணன் ஒவ்வொரு நடைக்கும் நான்கு விஷயம் எழுதச் சொன்னார்: விலக்கில் (பெரிய சாலையிலிருந்து ஊர்ப்பாதை பிரியும் நிறுத்தத்தில்) நிற்கும் நேரம், ஊருக்குள் வருமா, ஞாயிறு ஓடுமா, பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தா. நான்காவதை லேசாக நினைக்க வேண்டாம். 2021 முதல் அந்தச் சலுகை இருப்பதால், ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். நிறுத்தத்தில் கூட்டம் நிற்பதை வைத்து வண்டி போதவில்லை என்று எழுதிவிட முடியாது. இலவசச் சீட்டை எண்ணலாமே என்றால், நம் விலக்கில் பக்கத்து ஊர்க்காரர்களும் ஏறுகிறார்கள். ஆகவே காலை முதல் நடைக்கும் இரவுக் கடைசி நடைக்கும் டீக்கடைத் தம்பி ஆளை முகம் பார்த்தே பிரித்து எண்ணினார். கடைசி நடை வராமல் போகும் நாளில் விலக்கிலிருந்து ஆட்டோவுக்கு என்ன கேட்பார்கள் என்பதை ஆட்டோக்காரர்களே மறைக்காமல் சொன்னார்கள், அதற்குத் தனி வணக்கம்.

தூரங்கள் எல்லாம் ஊரணிக்கரையிலிருந்து அளந்தவை. பேருந்து நேரம் அடிக்கடி மாறும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தைக்காமல் தனித்தாளாகச் சொருகியிருக்கிறோம். மாற்றம் கண்டவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் பிரதியில் தேதி போட்டுப் பென்சிலால் திருத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
விவரக் குறிப்புக் குழுவினர்