திருகோணமலையில் ஒரு கை குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் சிறு விளம்பரப் பக்கத்தை எட்டு மாதமாக ஒரு வரி விடாமல் வாசித்து வருகிறேன். மணமகன் தேவை, காணி விற்பனைக்கு, வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு, பாவித்த தையல் மெஷின். எனக்குத் தேவைப்பட்ட இரண்டும் அதில் ஒருநாளும் வரவில்லை. ஒன்று, திருகோணமலை நகருக்குள் ஒரு சின்ன வீடு. மற்றது, முன்னூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் விளையாட மூன்று கை, அதாவது மூன்று ஆள்.

நான் பருத்தித்துறைக்காரி, வங்கி ஒன்றில் வேலை. மாசியில் இடமாற்றம் வந்தது. எங்கள் அப்பப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். பின்னேரமானால் அவருடைய விறாந்தையில் காட்ஸ் நடக்கும். ஒருநாள் ஒருவர் வரவில்லை. "பிள்ளை, வந்து இரு" என்று ஒன்பது வயதில் என்னைப் பாயில் இருத்தினார். 32 காட்ஸ். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. நாலு இனத்தையும் கூட்டினால் 304. எனக்குக் கூட்டல் பிடிபட்டது அந்தப் பாயில்தான். காசு வைத்து ஆடியதை நான் கண்டதே இல்லை. தோற்ற பக்கம் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊரில் வீடு தேடிய கதையைச் சொல்லுகிறேன். முதலில் உப்புவெளியில் ஒரு அனெக்ஸ். அறையும் குசினியும், காலையில் கடல் சத்தம். கொடுத்து வைத்தவள் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன். சித்திரை வருஷம் பிறந்து ஒரு கிழமை போகவில்லை, வீட்டுக்காரர் வந்து நின்றார். "பிள்ளை குறை நினைக்கக் கூடாது, சீசன் தொடங்குது." உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்கும் வெள்ளைக்காரர் வருகிற காலம். நான் மாதம் முழுக்கத் தருகிற காசை அவர்கள் சில இரவுகளிலேயே தந்துவிட்டுப் போவார்கள். அவரை நான் குறை நினைக்கவில்லை. ஆனால் எனக்குத் தந்த தவணை பத்து நாள்.

பிறகு ஏறாத படி இல்லை. ஒரு இடத்தில் ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கந்தளாய்க் குழாய்த் தண்ணீர் வரும் என்றார்கள், எப்போது வரும் என்று சொல்லவில்லை. தரகர் ஒருவர் ஒரு மாத வாடகையைத் தன் கூலியாக வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டைக் காட்டினார். எல்லாரும் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: "தனியவோ?" இரண்டாவது கேள்வி, "ஆர் ஆர் வந்து போவினம்?" அதற்கு நான் வாயைக் கொடுத்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் வந்தால் காட்ஸ் விளையாடுவோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கு! திறப்பை எடுத்து வந்த கை அப்படியே உள்ளே போய்விட்டது.

கடைசியாக வித்தியாலயம் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் வீடு கிடைத்தது. உடன்படிக்கையின் அடியில் பேனையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள்: "இவ்வீட்டில் மது, சீட்டாட்டம் கூடாது." மதுவுக்கும் சீட்டுக்கும் இடையில் ஒரு கமா மட்டும். வெள்ளைக்காரன் காலத்து 1889 ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம்கூடப் பந்தயம் வைத்து ஆடுவதைத்தான் பிடித்தது. எங்கள் வீட்டுக்காரர்கள் வெள்ளைக்காரனையும் மிஞ்சி நிற்கிறார்கள். கையெழுத்துப் போட்டேன். வேறு வழி?

இதற்குள் தம்பி கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். கட்டான் என்று பெயர், 1995 இல் ஜெர்மனியில் வெளிவந்த மேசை விளையாட்டு. தமிழில் வாசித்தால் வீடு கட்ட மாட்டான் என்று வருகிறது, ஆனால் விளையாட்டே கட்டுவதுதான். அறுகோண அட்டைகள் 19 ஐ அடுக்கினால் ஒரு தீவு. செங்கல் ஒன்று, மரம் ஒன்று, கம்பளி ஒன்று, தானியம் ஒன்று கொடுத்தால் ஒரு வீடு. ஆட்டம் தொடங்கும்போதே ஆளுக்கு இரண்டு வீடு இலவசம்! யாரும் தனியவோ என்று கேட்பதில்லை. ஆனால் மூன்று பேராவது வேண்டும். ஒரு போயா விடுமுறையில் தீவைத் தனியே அடுக்கி, நானே சிவப்பும் நானே நீலமுமாக ஆடிப் பார்த்தேன். செம்மறியைக் கொடுத்துச் செங்கல் வாங்க என்னுடனேயே பேரம் பேசியபோது சிரிப்பு வரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

இந்த ஊரில் விளையாட்டு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். டச்பே கடற்கரையில் சோடா மூடிகளை வைத்து டாம் ஆடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். திருக்கடலூரில் கடலுக்குப் போகாத நாளில் வள்ளத்தின் நிழலில் காட்ஸ் நடக்கிறது. வாசிகசாலைகளில் கரம் போர்ட் இருக்கிறது. ஒருநாள் துணிந்து ஒரு காட்ஸ் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உடனே ஆட்டம் நின்றது. ஒருவர் எழுந்து கதிரை தந்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். "என்ன அலுவல் தங்கச்சி?" என்று அவ்வளவு பண்பாகக் கேட்டார்கள். ஒரு கை தாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். மரியாதையோடு என்ன செய்வது?

வழி திறந்தது எங்கள் ஒழுங்கையில்தான். ஒரு இரவு மின்சாரம் போய், நான் முன்படியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் காட்ஸ் கலைத்துக்கொண்டு இருந்தேன். மதிலுக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்: "முன்னூற்றி நாலோ?" எழுபது கடந்த அம்மா ஒருவர், தலைமையாசிரியராக இருந்தவரின் மனைவி. நாற்பது வருடம் கணவரின் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தவர். ஒருநாளும் ஆடியதில்லை, ஆனால் எல்லாருடைய தோளுக்குப் பின்னாலும் நின்று பார்த்திருக்கிறார். முதல் ஞாயிறே 200 புள்ளி எடுப்பேன் என்று கேட்டு வென்றார். மற்ற இனங்களை வெட்டும் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. தன் விறாந்தையிலேயே ஆடலாம் என்றார். என் உடன்படிக்கை என் வீட்டுக்கு மட்டும்தானே. அவருடைய பதினான்கு வயதுப் பேரன் மூன்றாவது கை.

நாலாவது, அபயபுரத்தில் தங்கியிருந்த சிங்களத் தாதி ஒருவர். அவருக்குத் தெரிந்தது ஓமி. அதற்கும் இதே 32 காட்ஸ்தான், முதல் நாலைப் பார்த்துத் துரும்பு சொல்வதும் அப்படியே. ஆனால் அதில் ஆசு பெரிது, இதில் ஜாக் பெரிது. ஆசுச் சீட்டைப் போட்டுவிட்டு வென்றேன் என்று கையை நீட்டுவார். பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே ஒன்பதைப் போட்டு வாங்குவார். நாலு பேருக்கும் பொதுவான மொழி முழுதாக ஒன்றும் இல்லை, எண்களில் சமாளித்தோம். ஆடி மாதம் கச்சான் காற்றுக்குக் காட்ஸ் பறந்துபோய் முற்றத்தில் விழ, கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று கிளாவர் ராணியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டோம்.

போன மாதம் அந்தத் தாதிக்கும் இடமாற்றம், குருநாகலுக்கு. எங்களுக்கு ஒரு கை குறைகிறது.

ஆசிரியர் அவர்களே, மாவட்டச் செயலகமான கச்சேரி, வைத்தியசாலை, பாடசாலை, மாகாண சபை என்று இந்த நகரத்துக்கு ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பேர் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு வீடு எங்கே என்று தேநீர்க்கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் தெரிகிறது, பத்திரிகைக்குத் தெரியவில்லை. மணமகன் தேவை என்பதற்கு ஒரு முழுப் பக்கம் விடுகிறீர்கள். மாவட்டத்துக்கு இரண்டு அங்குலம் ஒதுக்கி, மாதத்தில் ஒரு முறையாவது, குறைந்த கட்டணத்தில், வெளியூர் ஆட்களுக்கு அறை கொடுக்க விரும்புகிறவர்களையும் விளையாட்டுக்கு ஆள் தேடுகிறவர்களையும் எழுத விடுங்கள். வீட்டுக்காரர்களும் "தனியவோ" என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொண்டால் நல்லது. முதலில் பெயரைக் கேட்கலாம்.

அந்த இடம் ஒதுக்கும்வரை இதை என் செலவில் போடுங்கள்; காசுக் கட்டளை இத்துடன் இருக்கிறது:

"கை தேவை. முன்னூற்றி நாலு. ஞாயிறு பின்னேரம் நாலு மணி, திருகோணமலை நகர். காசு இல்லை. ஆண், பெண், எந்த மொழியும். ஓமி தெரிந்தவருக்குப் பழக்கி விடப்படும். மழை நாளில் கட்டான். தோற்றவர் தேத்தண்ணி."

இப்படிக்கு,
பருத்தித்துறைக்காரி,
திருகோணமலை.