தேங்காய் எண்ணெய் குடித்த எஞ்சின்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் இரண்டு பேருமே "ஒண்ணுமில்லை" என்கிறீர்கள். கடிதத்திலாவது உண்மையை எழுதுங்கள்.

வேலை பழகிவிட்டது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, படி இறங்கினால் இட்லி கிடைக்கிறது. காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்று பெயர். முதல் வாரம் கடைக்காரர் "ஆறு வெள்ளி" என்றதும் நான் முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தாராம். இந்தப் பகுதியே ஒருகாலத்தில் ரயில்வே குடியிருப்புதான். அப்புறம் உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று: இந்த நாட்டின் முக்கிய ரயில் பாதைகளில் இன்னும் மீட்டர் கேஜ்தான், அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்தான்! அதன்மேல் மின்சார ரயில் 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் ஊரில் பெயர்த்தெடுத்தபோது நீங்கள் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் கூடத்தில் ஒரு பெரிய மேஜை முழுக்கப் பொம்மை ரயில் ஓட்டுகிறார். பொம்மை என்றால் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், அளவு 87-இல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் தண்டவாள அகலம் கணக்காக வந்துவிடும். நான் பொன்மலை ரயில்வே பட்டறைக்காரர் மகன் என்று தெரிந்ததும் ஒரு டீசல் எஞ்சினைக் கையில் கொடுத்து, "தம்பி, இது நொண்டுது, பாருங்க" என்றார்.

சத்தத்தைக் கேட்காமல் ஸ்பானரை எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நான் முதலில் எடுத்தது ஸ்க்ரூடிரைவரைத்தான். பிறகு வெட்கப்பட்டுக் கீழே வைத்தேன்.

இந்த வண்டிக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகடிவ், மொத்தம் 12 வோல்ட் டி.சி. சக்கரம் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு மயிரிழை அழுக்கு இருந்தாலும் வண்டி திக்கும். எஞ்சினைத் தலைகீழாகப் பஞ்சில் படுக்க வைத்து, கன்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயரை நேராகச் சக்கரத்தில் தொட்டேன். நன்றாகவே சுற்றியது. அப்படியானால் குற்றம் தண்டவாளத்தில் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஃபார்மசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய பனியன் துணியால் துடைத்தேன். துணி கரிச்சட்டி துடைத்த மாதிரி ஆனது. சக்கரங்களையும் துடைத்தேன், ஒரு அச்சில் சுற்றியிருந்த பூனை மயிரையும் எடுத்தேன். வண்டி ஜம்மென்று ஓடியது. வீட்டம்மா தே தாரிக் (இந்த ஊர் ஆற்றிய பால் டீ) போட்டுக் கொடுத்தார்.

ராத்திரி வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். வண்டி இழுத்து இழுத்துப் போகிறது. மறுநாள் மதியம் நான் பார்க்கும்போது ஒரு குறையும் இல்லை. அன்று ராத்திரி திரும்பவும் அதே கதை. மூன்று நாள் இப்படி.

மூன்றாம் நாள்தான் முகப்பு விளக்கைக் கவனித்தேன். அழுக்கினால் திக்கும்போது விளக்கும் சேர்ந்து சிமிட்டும். இப்போது விளக்கு அசையாமல் எரிகிறது, வண்டி மட்டும் முக்குகிறது, தொட்டால் மோட்டார் சூடு. கரண்ட் ஒழுங்காக வருகிறது, எதுவோ உள்ளே பிடித்து வைத்திருக்கிறது.

அப்போதுதான் குளிர்வது எனக்கே உறைத்தது. ராத்திரியானால் கூடத்தில் ஏ.சி.யை 18-இல் வைத்துவிடுகிறார்கள். "கியருக்கு என்ன எண்ணெய் போடுறீங்க?" என்று கேட்டேன். "தேங்காய் எண்ணெய்தான், சுத்தமானது" என்றார் பெருமையாக.

எனக்கு மார்கழிக் காலையில் வாசல் வெயிலில் அம்மா வைக்கும் எண்ணெய் பாட்டில்தான் கண்முன் வந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும். கோலாலம்பூரின் மதிய வெயிலில் தண்ணீராக இருப்பது ராத்திரி ஏ.சி.யில் மெழுகாகிறது. பொன்மலையில் இருந்திருந்தால் முதல் நாளே மூக்கில் வாசனை பிடித்துச் சொல்லியிருப்பீர்கள்.

பிறகென்ன, பிரித்தேன். பிளாஸ்டிக் பல்சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன், அவற்றைச் சுழற்றும் திருகு மாதிரியான பித்தளை வார்மை ஆல்கஹாலில் துடைத்தேன். எண்ணெய் மோட்டாருக்குள்ளும் இறங்கி, சுழலும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது, அதையும் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்தேன். பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ் என்று தேடி வாங்கி, ஊசிமுனை அளவு மட்டும் வைத்தேன். மாட்டும்போது ஒரு போகியை, அதாவது சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டத்தை, முன்பின்னாகத் திருப்பி வைத்துத் தொலைத்தேன். தண்டவாளத்தில் வைத்ததுமே ஷார்ட், கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், தம்பியிடம் சொல்லாதீர்கள்.

இப்போது 18 டிகிரியிலும் ஓடுகிறது. இந்த மாத வாடகையில் ஐம்பது வெள்ளி குறைத்துக்கொண்டார்.

ஆனால் பிரச்சினை முடியவில்லை. பெட்டியிலிருந்து இப்போது ஒரு நீராவி எஞ்சினை எடுத்து வைத்திருக்கிறார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் சரியாக ஒரே இடத்தில் ஒரு தடவை இடிக்கிறது. எண்ணெய் இல்லை, அழுக்கும் இல்லை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு மாட்டும் இடது வலது கிராங்குகள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகியிருக்க வேண்டுமே, அதில் ஒரு சக்கரம் அச்சில் வழுக்கியிருக்குமோ என்று சந்தேகம். ஊட்டி ரயில் எஞ்சின் பட்டறைக்கு வரும்போது அந்த 90 டிகிரியை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? படம் போட்டு எழுதுங்கள். போனில் சொன்னால் எனக்குப் புரியாது.

அன்பு மகன்