ஒரு சக்கரவர்த்தியைப் பார்த்துக்கொண்ட ஊருக்கு

அன்புள்ள பழைய சான் பிரான்சிஸ்கோ மக்களுக்கு,

1859 முதல் 1880 வரை அந்த ஊரில் கடை வைத்திருந்தவர்களுக்கும், அச்சுக் கோத்தவர்களுக்கும், சும்மா தெருவில் நடந்து போனவர்களுக்கும் இந்த மடல். உங்களில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் ஜோஷுவா நார்ட்டன் என்ற மனிதரை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கான இந்த நன்றியை மனசுக்குள்ளேயே வைத்திருக்க என்னால் முடியவில்லை.

ஜோஷுவா நார்ட்டனை உங்களுக்கு முதலில் வியாபாரியாகத்தான் தெரியும். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர், 1849-ல் உங்கள் ஊருக்கு வந்து நன்றாகவே சம்பாதித்தார். 1852 கடைசியில் சீனாவில் பஞ்சம் வந்து அரிசி ஏற்றுமதி நின்றது. ஒரு பவுண்டு எடை 4 சென்ட் விற்ற அரிசி 36 சென்ட்டுக்கு ஏறியது. துறைமுகத்தில் பெரு நாட்டு அரிசியோடு ஒரு கப்பல் நின்றது. அதிலிருந்த 2 லட்சம் பவுண்டு அரிசியையும் பவுண்டுக்குப் பன்னிரண்டரை சென்ட் விலைக்குப் பேசி முடித்தார். அடுத்தடுத்து பெருவிலிருந்து கப்பல்கள் வர, விலை 3 சென்ட்டுக்கு விழுந்தது. அந்தப் பேரத்தை ரத்து செய்யக் கேட்டு மாநில உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும் தோற்றது. சொத்து போனது, கூடவே மனமும் தடம் மாறிவிட்டது.

1859 செப்டம்பர் 17 அன்று, தான் அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவிக்கும் அறிக்கை ஈவினிங் புல்லட்டின் பத்திரிகையில் வந்தது. அதைக் கொண்டுவந்த மனிதரை வாசலிலேயே விரட்டாமல் அச்சில் ஏற்றினீர்களே, முதல் நன்றி அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு.

அப்புறம் அவருடைய நோட்டுகள். 50 சென்ட் முதல் 10 டாலர் வரை, வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதி, 'நார்ட்டன் I' என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்கள். கமர்ஷியல் தெரு 624-ஆம் எண் யூரேகா விடுதியில் அவருடைய சின்ன அறைக்கு ஓர் இரவு வாடகையும் 50 சென்ட்தான். நீங்கள் வாங்கிக்கொண்ட ஒவ்வொரு சிறிய நோட்டும் அவருக்கு ஓர் இரவுக் கூரை. காசை அவர் கடன் என்றார், சில நேரம் வரி என்றார். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். 'இந்தா, வைத்துக்கொள்' என்று வீசியிருந்தால் வயிறு நிறைந்திருக்கும், அவர் தலை நிமிர்ந்திருக்காது. நோட்டு அச்சடித்துக் கொடுத்த சார்ல்ஸ் மர்டாக் போன்றவர்களுக்கு இதற்காகவே தனியாக ஒரு கும்பிடு.

பீட்டர் ஆண்டர்சன் அவர்களே, உங்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. மற்றப் பத்திரிகைகள் நார்ட்டன் பெயரில் பொய் அறிக்கைகளை எழுதிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்பின மக்களுக்காக நீங்கள் நடத்திய பசிபிக் அப்பீல் வார இதழ், 1870 கடைசியிலிருந்து 1875 வரை அவருடைய உண்மையான அறிக்கைகளைச் சுமார் 250 வெளியிட்டது. விரிகுடாவின் அக்கரையில் உள்ள ஓக்லண்டிலிருந்து நடுவில் இருக்கும் ஒரு தீவு வழியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பாலம் கட்டுங்கள் என்று 1872-ல் அவர் சொன்னது உங்கள் இதழில்தான் வந்தது. கடலடியில் சுரங்கம் போடலாம் என்றும் அதே ஆண்டில் சொன்னார். பாலம் 1936-ல் திறந்தது, அதே தீவு வழியாக. சுரங்க ரயில் 1974-ல் ஓடத் தொடங்கியது. நான் ஓக்லண்டில் குடியிருப்பவள், வேலைக்குப் போவது அந்த ரயிலில்தான். காது அடைக்கும் அந்தச் சத்தத்தில் பல நாள் அவரை நினைத்திருக்கிறேன்.

1867 ஜனவரியில் ஒரு போலீஸ்காரர் அவரைப் பிடித்து மனநோய் என்று அடைக்கப் பார்த்தார். ஊர் கொதித்தது. இவர் ரத்தம் சிந்தவில்லை, யாரையும் கொள்ளையடிக்கவில்லை, எந்த நாட்டையும் சூறையாடவில்லை என்று ஆல்ட்டா பத்திரிகை எழுதியது. எத்தனை ராஜாக்களைப் பற்றி இப்படி எழுத முடியும்? காவல்துறைத் தலைவர் பேட்ரிக் க்ரோலி அவரை விடுவித்து மன்னிப்பும் கேட்டார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தன் துறையின் தவறுக்கு வாய்விட்டு மன்னிப்புக் கேட்பது லேசான காரியம் இல்லை. அவருக்கும் நன்றி.

1880 ஜனவரி 8 மாலை, சொற்பொழிவு கேட்கப் போகும் வழியில், கலிஃபோர்னியா தெரு முனையில் சரிந்து விழுந்தார். சட்டைப்பையில் சில டாலர் சில்லறைதான் இருந்தது. பசிபிக் கிளப்காரர்கள் பணம் போட்டு ரோஸ்வுட் பெட்டி வாங்கினார்கள். முகம் பார்க்க ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றீர்கள்.

கடைசியாக, 1870-ல் யூரேகா விடுதிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வேலைப்படி, மனநலம் சரியில்லை என்பதையும் குறித்திருக்கிறீர்கள். சரி, அது உங்கள் கடமை. ஆனால் தொழில் என்ற இடத்தில் வேலையில்லாதவர் என்றோ பழைய வியாபாரி என்றோ போடவில்லை. 'சக்கரவர்த்தி' என்று எழுதினீர்கள். ரொம்ப நன்றி ஐயா.

இப்படிக்கு,
விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் ஒருத்தி