கல் லாரி ஏறுவதற்குள் குறித்து வையுங்கள்

எங்கள் பக்கம் கல் பார்க்க வரும் நிலவியல் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், விடுமுறை நாளில் சுத்தியலும் பையுமாகக் கிளம்பும் ஆர்வலர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் பள்ளி ஆசிரியர். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. இங்கே நீங்கள் பார்க்கும் பாறையை இடத்தோடும் தேதியோடும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவின் நகல் ஒன்றை இந்த மாவட்டத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஆர்வலர்களில் பலர் புதைபடிவம் தேடித்தான் வருகிறீர்கள். அதற்கான ஊர் இது இல்லை. கடல் சிப்பியும், சுருள் ஓடுள்ள அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் படிவமும் வேண்டுமென்றால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். சாத்தனூர் கல்மரமும் அங்கேதான். அவை டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலப் படிவுகள். எங்கள் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அந்தச் சூட்டில் உயிர்த்தடயம் தங்காது. "சார், செடி கல்லாயிடுச்சு" என்று பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் பாறை விரிசலில் மாங்கனீசு ஆக்சைடு ஊறிப் படர்ந்த கறுப்புக் கோலம். டைனோசர் முட்டை என்று காட்டுகிற உருண்டைக் கல், டோலரைட் என்ற கருநிற எரிமலைக்குழம்புப் பாறை வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிந்து மிஞ்சிய நடுப்பகுதி. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். ஆனால் இங்கே இருப்பது அதற்குக் குறைந்ததல்ல.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் போகிற ஒரு மணி நேரத்தில், பழைய நிலவோட்டுக்குள் (பூமியின் மேல் ஓட்டுக்குள்) ஆழமாக இறங்கிக்கொண்டே போகிறோம். வடக்கே வரிவரியான நைஸ் பாறை. தெற்கே போகப் போக அதே பாறை எண்ணெய்ப் பசையோடு பச்சை கலந்த கருமையாகி, சார்னோக்கைட் ஆகிறது. நீர் குறைந்து வெப்பம் ஏறிய ஆழத்தில் நடந்த மாற்றம் அது. இருபது கிலோமீட்டருக்குக் கீழே கிடந்தவை இன்று சாலையோரம் நிற்கின்றன. அப்புறம், சாமல்பட்டி, ஒகேனக்கல் பக்கங்களில் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் நுரைக்கும். ஆனால் கடலில் படிந்ததல்ல, ஆழத்திலிருந்து குழம்பாக வந்தது. உலகில் அரிதான பாறை இது. கோலார் தங்கச் சுரங்கங்கள் இருந்த பாறைப் பட்டையின் தென்கோடி மகாராஜகடை வரை நீள்கிறது.

இவ்வளவும் ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற பெயர்களைப் பல நாட்டு நிலவியலாளர்கள் அறிவார்கள். சாமல்பட்டி ரயில் நிலையத்தில் இறங்குகிற மாணவனுக்குத்தான் தன் ஊர்க் கல்லைப் பற்றி ஒரு வரி கிடைப்பதில்லை.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. குவாரிகளில் வயர்சா (கல் அறுக்கும் கம்பி ரம்பம்) அறுத்த சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாறை பாதி உருகி, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கருப்புமாகச் சுழித்து உறைந்தது அப்படியே தெரியும். மழையும் வெயிலும் அரித்த மலைச்சரிவில் இப்படித் தெளிவாகத் தெரியாது. இங்கிருந்து 'பேரடைசோ' என்ற பெயரில் வெளிநாடு போகிற கல் அதுதான். அடுத்த பிளாக் எடுத்தால் இன்று தெரிகிற சுவர் நாளை இருக்காது. குவாரி மூடிவிட்டால் தண்ணீர் நின்றுவிடும். குவாரியை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை, எங்கள் ஊர்களில் பலருக்குச் சோறு அதில்தான். அறுக்கும்போது யாராவது பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதே என் கவலை. உரிமையாளரிடமும் மேஸ்திரியிடமும் கேட்டு, வெடி வைக்காத நேரத்தில் போங்கள். போட்டோவில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வையுங்கள். கைப்பேசியே அட்சரேகை தீர்க்கரேகை சொல்லும். கிராமத்தின் பெயரை நீங்கள் எழுதுங்கள். கார்பனடைட் வெளிப்படும் இடங்கள் சிறியவை. அங்கே சுத்தியலைத் தவிர்த்து, உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள்.

இது முடியாத காரியமில்லை. இந்த மாவட்டங்களின் நடுகற்களில் பலவற்றை ஊர் ஊராக அலைந்து, படித்து, வெளியே கொண்டுவந்ததில் சம்பளம் வாங்காத ஆர்வலர்களுக்குப் பெரிய பங்குண்டு. அவர்கள் ஊர்ப் பெயரோடு எழுதிவைத்ததால்தான் இன்று எது எங்கே நின்றது என்று தெரிகிறது. பாறைக்கும் அந்த உழைப்பு வேண்டும். களத்தில் ஆர்வலர் கண்டதைப் பேராசிரியர் நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொன்னால் பதிவு முழுமையாகும். ஆர்வலரின் பெயரையும் கட்டுரையில் போடுங்கள்.

பேராசிரியர்களே, நீங்கள் எடுத்துப் போகும் மாதிரிகளில் ஒவ்வொரு வகைக்கும் கையளவு துண்டு ஒன்றை, தமிழில் எழுதிய சீட்டோடு, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். கட்டுரை வெளியானதும் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி, மாதிரி எடுத்த ஊரின் பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளிப் பெயர் தெரியாவிட்டால் தலைமை ஆசிரியர் என்று எழுதி ஊர்ப் பெயரையும் பின்கோடையும் போட்டால் போதும், வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
போச்சம்பள்ளி வட்டாரத்து ஆசிரியர் ஒருவர்