கழுத்தில்தான் எல்லாம்

மாலே

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

திவெஹி லிபாஸ் எப்படித் தைப்பது என்று கேட்டிருந்தாய். இங்கே மாலத்தீவில் பெண்கள் பெருநாளுக்கும் விழாவுக்கும் உடுத்துவது அது. நீளக் கை வைத்து நேராக இறங்கும் சட்டை. சிவப்புதான் அதிகம் பார்க்கலாம். அடியில் கண்டிகி என்ற கறுப்புத் துணியைச் சுற்றிக்கொள்வது பழைய வழக்கம். வெட்டுவதும் மூட்டுவதும் உனக்கு ஒரு மணி நேர வேலை. பாடுபடுத்துவது கழுத்துதான்.

அந்தக் கழுத்துப் பட்டைக்குப் பெயர் கசபு போவளு. கசபு என்றதும் கேரளக் கசவு ஞாபகம் வருகிறதா? அதே சரிகைதான். தங்க, வெள்ளி இழையில் கையால் நெய்த மெல்லிய நாடாக்களைக் கழுத்தைச் சுற்றி வரிசை வரிசையாகத் தைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் இங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்த பயணி இப்னு பதூதா, பெண்கள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் துணி உடுத்தினார்கள், மேலுடம்பையும் மூடச் சொன்ன தன் உத்தரவு எடுபடவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அப்போது கழுத்துக்கு வேலையே இல்லை!

நாடா நேரானது, கழுத்து வளைவு. வம்பு அங்கேதான். நாடா அரை செ.மீ. அகலம் என்றால், முழு வட்டத்தில் வெளியே போகப்போக ஒவ்வொரு வரிசைக்கும் முந்தையதைவிட 3 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டிவிடாதே. வெளி ஓரத்தை முதலில் வளைவில் பொருத்தி ஓட்டுத் தையல் போடு. உள் ஓரத்தில் மிஞ்சுவதை நூல் இழுத்துச் சுருக்கி அமர்த்து. மாற்றிச் செய்தால் வெளி ஓரம் துணியை இழுத்து, கழுத்து கிண்ணம் மாதிரி குழிந்துவிடும்.

பருத்தித் துணியானால் முதலிலேயே நனைத்து உலர்த்திவிடு. துணி சுருங்கும், சரிகை சுருங்காது. பிறகு நனைத்தால் கழுத்து முழுக்கச் சுருக்கம் விழும். சிவப்பில் சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரியும். சரிகை இழையை ஊசியில் கோக்காதே, மேல்பூச்சு உரிந்துவிடும். அதே நிறச் சாதா நூலில் எம்மிங் போட்டால் போதும்.

இங்கே கடற்காற்று, வியர்வை, அத்தர் மூன்றும் சரிகையைக் கறுக்க வைக்கின்றன. அதனால் உடுத்திக் கழற்றியதும் நிழலில் ஆற்றி, பருத்தித் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். இஸ்திரி போடுவதானால் துண்டின்மேல் கவிழ்த்து, உள்பக்கத்தில் மட்டும்.

ஊருக்கு வருபவரிடம் இரண்டு முழம் நாடா கொடுத்தனுப்புகிறேன். பழைய துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
தங்கை