புதிய இசையை ஒரு தடவை வாசித்துவிட்டு மூடி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் நடந்த வாத்திய இசை நிகழ்ச்சி பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். பிரதம அதிதி யார், மங்கள விளக்கை யார் யார் ஏற்றினார்கள், யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள், எல்லாம் இருந்தது. படமும் பெரிதாகவே இருந்தது. என்ன வாசித்தார்கள், அதை எழுதியது யார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அன்று மேடையில் நடந்தது மலையகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமா? இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் தாங்களே எழுதிய புதிய இசையை இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிதாகக் கீழே ஊன்றி வாசிக்கிற ஒரு செலோ, ஒரு கிளாரினெட், அப்புறம் தப்பு என்கிற நம் தோல் வாத்தியம் ஒன்று, இத்தனையும் சேர்ந்து வாசிக்க நாங்கள் நேரில் உட்கார்ந்து கேட்டோம். அதைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும், அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

சேம்பர் இசை என்று இதைச் சொல்வார்கள். பெரிய ஓர்கெஸ்ட்ராவில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், இதில் ஒரு வாத்தியத்துக்கு ஒரே ஆள்தான். முன்னால் நின்று கோல் அசைக்க யாரும் கிடையாது, ஒருவர் மூச்சை மற்றவர் பார்த்துத்தான் தொடங்குவார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்ற அமைப்புக்கு 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர் 60க்கும் மேற்பட்ட ஆக்கங்களை எழுதி ஒரு நிலையான வடிவம் கொடுத்தார், இன்றைக்கும் உலகம் முழுவதும் இளம் இசையமைப்பாளர்கள் இந்த நாலு வாத்தியத்தில்தான் கை பழகுகிறார்கள். நம் ஊருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஓர்கெஸ்ட்ராவை பொகவந்தலாவைக்குக் கொண்டு போக யாராலும் முடியாது, ஆனால் நாலைந்து பேரும் வாத்தியங்களும் ஒரே வேனில் வந்துவிடலாம், ஒரு வகுப்பறை போதும், மைக் கூட வேண்டாம்.

வயலின் நமக்கு அந்நியமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்து 200 வருடம் ஆகிறது. அண்ணனும் சும்மா இருக்கவில்லை, ஆங்கிலேயரின் பேண்ட் வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், நொட்டு சுவரம் என்று அவற்றை இன்றும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். புதியதை எடுத்து நம்முடையதாக்கிக்கொள்வதற்குச் சங்கீத உலகம் அப்போதே பயப்படவில்லை.

சரி, அன்று வாசித்ததற்கு வருகிறேன். முதலாவது, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை எழுதியது, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம்தான் அதற்குக் கரு. தொடக்கத்தில் வியோலா தனியாக ஒரு மெட்டை வாசிக்கிறது, சின்ன மெட்டு, பத்துப் பன்னிரண்டு சுரம் இருக்கும். இரண்டாவது வயலின் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது, தராசுக்குப் பக்கத்தில் நின்று கிலோவைக் கூப்பிட்டுச் சொல்கிற குரல் அது. மெட்டு திரும்பி வரும்போது கடைசிச் சுரம் இல்லை. மறுபடி வரும்போது இன்னும் ஒன்று இல்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாக வரும் என்று காது காத்திருக்கிறது, வருவதில்லை. எனக்குப் பக்கத்தில், தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவையிலேயே என் கையைத் தட்டி, "கழிக்கிறாங்க பாருங்க டீச்சர்" என்றார். தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் நிறையில் கிலோ கழிப்பதை வேலை செய்த காலமெல்லாம் பார்த்தவர், அவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. கடைசியில் வியோலாவுக்கு ஒரே ஒரு சுரம்தான் மிஞ்சுகிறது, வயலின் மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று பிடிபடுவதற்குள் முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிப் போயிருந்தார். அந்த நேரத்தில் யாராவது எழுந்து, இதை இன்னொரு தடவை வாசியுங்கள் என்று கேட்டிருந்தால், குழுவினர் சந்தோஷமாக வாசித்திருப்பார்கள், நாங்களும் முதல் சுரத்திலிருந்தே சேர்ந்து போயிருப்போம்.

நான் சொல்ல வந்ததே இதுதான். புதிய இசையை ஒரு தடவை கேட்டால் போதாது. தெரிந்த கீர்த்தனையை யார் பாடினாலும் அடுத்த வரி எங்கே போகும் என்று காதுக்குத் தெரியும். நேற்று எழுதிய ஆக்கத்துக்கு அந்த வசதி கிடையாது, முதல் தடவை வழி தேடவே நேரம் போய்விடும், இரண்டாவது தடவைதான் உண்மையில் கேட்கிறோம். ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளர் 1918இல் வியன்னாவில் ஒரு சங்கத்தைத் தொடங்கியதே இதற்காகத்தான். புதிய ஆக்கங்களை நன்றாக ஒத்திகை பார்த்து, ஒரே ஆக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கைதட்டக் கூடாது, பத்திரிகை விமர்சகர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அந்த அளவுக்கு நாமும் போக வேண்டும் என்று சொல்லவில்லை, நான் பத்திரிகைக்காரர்கள் வர வேண்டும் என்று கேட்கிறவள். முதல் தடவை விளங்காமல் போவது பீத்தோவனுக்கே நடந்திருக்கிறது. ஒரு நால்வர் இசையின் முடிவுப் பகுதியாக, ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுகிற ஃபியூக் என்ற வடிவத்தில் பெரிதாக ஒன்றை எழுதி 1826இல் வாசிக்கச் செய்தார், கேட்டவர்களுக்கு விளங்கவில்லை, பதிப்பாளர் சொல்லி வேறு முடிவு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் பெரிய ஃபியூக்கை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் நாளோடு விட்டிருந்தால் அது எங்கே இருந்திருக்கும்?

இரண்டாவது ஆக்கம் மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி எழுதியது, அதில்தான் தப்பு வந்தது. காமன் கூத்தில் அடிக்கிற அடியை முதலில் தப்பு தனியாகக் கொடுக்க, செலோ அதை வில் இல்லாமல் விரலால் மீட்டிப் பிடித்துக்கொள்கிறது, மற்றவர்கள் வில்லின் கட்டைப் பக்கத்தால் தந்தியில் தட்டுகிறார்கள். பிறகு சட்டென்று எல்லாம் அடங்கி முதல் வயலினில் ஒரு ஒப்பாரி இழுவை வருகிறது. அன்று காலையில் என் மாணவிகளை ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், இந்த இடத்தில் வாத்தியக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். வயலின் வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த சிங்கள இளைஞர், தாளில் எழுதியிருந்ததைச் சுத்தமாக வாசித்தார், ஆனால் ஒப்பாரி வரவில்லை. மேற்கத்திய சுரத் தாளின் ஐந்து கோட்டில் இரண்டு சுரத்தைப் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தால் இழுவை வந்துவிடுமா? அந்தத் தம்பி கூச்சத்தோடு, தன் பாட்டி பாடுகிற மாதிரி பாடிக் காட்டினார். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, விரலை மெதுவாக வழுக்கி, மேல் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பினார். அப்புறம், வில்லை எந்த இடத்தில் மாற்றட்டும் என்று கேட்டார். மூச்சு விடுகிற இடத்தில், என்றார் தம்பி. இரண்டு பேரும் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். கணினியில் சுரத்தைப் போட்டு அதையே திரும்பக் கேட்டு எழுதுகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? கணினிக்கு மூச்சும் இல்லை, வில் தீர்ந்து போவதும் இல்லை. ஒரு வாத்தியக்காரர் முன்னால் உட்கார்ந்து, இது வாசிக்க வரும், இது வராது என்று சொல்ல வேண்டும்.

தப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நம் குளிரிலும் ஈரத்திலும் தோல் தளர்ந்துவிடும், அடித்தால் சத்தம் அமுங்கிப் போகும், அதனால் மண்டபத்துக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார் அதை அடிக்கிற அண்ணன். ஆனால் உரைகள் முடியவில்லை. ஒருவர் முடிக்க இன்னொருவர் வந்தார், தோல் திரும்பத் தளர்ந்துவிட்டது, முதல் ஆக்கம் நடக்கிறபோது மழைத் தூறலில் வெளியே போய் மறுபடி காய்ச்சிக்கொண்டு ஓடி வந்தார். வயலின், செலோக்காரர்களும் இந்த ஈரத்தில் சுருதி சேர்ப்பதற்கே படாதபாடு பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகு எல்லாக் கலைஞர்களையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியபோது தப்பு அடித்தவரை மட்டும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. தப்பு சாவு வீட்டுக்கும் தெருவுக்கும் உரியது, மேடைக்கு உரியதல்ல என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. காலையில் வேலைக்கு எழுப்பியதும் திருவிழாவில் சாமியைக் கூட்டி வந்ததும் அதே தப்புதான். அன்றைய ஆக்கத்தில் அது செலோவுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது, செலோக்காரர் தப்பு அடித்தவரின் கையைப் பார்த்துத்தான் காலம் பிடித்தார். அந்தப் படம்தான் உங்கள் பத்திரிகையில் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆக்கம் வாசிக்கப்படவே இல்லை. பதுளையிலிருந்து அப்பா அம்மாவோடு வந்திருந்த பையன் எழுதியது, கிளாரினெட்டுக்கு முக்கிய இடம் கொடுத்தது. ஒத்திகையில் பாதிதான் கேட்டேன், ஆகவே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மாட்டேன். பேச்சுகள் நீண்டு, தோட்டங்களுக்குப் போகிற கடைசி பஸ் நேரம் நெருங்கி, ஆட்கள் எழும்பத் தொடங்கியதும், நேரம் போதவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். நன்றியுரைக்கு நேரம் இருந்தது. எட்டு நிமிட ஆக்கத்துக்கு இருக்கவில்லை. அந்தப் பையன் தாள்களை மடித்து உறையில் போட்டதை நான் பார்த்தேன், அவன் அம்மா எதுவும் பேசாமல் அவன் முதுகில் கையை வைத்திருந்தார். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட விரும்பவில்லை, நிகழ்ச்சியை நடத்த அவர்கள் அலைந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆக்கத்தை வாசிக்காதது பெரிய பிழை, அதைச் சரி செய்ய இன்னும் வழி இருக்கிறது.

அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய குரோனோஸ் என்ற நால்வர் குழு புதிய ஆக்கங்களை எழுதச் செய்து வாசிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. இளம் குழுக்கள் கற்பதற்கென்றே பல நாட்டு இசையமைப்பாளர்களிடம் 50 ஆக்கங்களை எழுதி வாங்கி, சுரத் தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் இறக்கிக்கொள்ளலாம். நமக்கு அந்தப் பணம் இல்லை, ஆனால் அந்த யோசனைக்குப் பெரிய பணம் தேவையில்லை. அன்றைய மூன்று ஆக்கங்களின் தாள்களையும் படி எடுத்து, வயலின் கற்பிக்கிற பாடசாலைகளுக்கு அனுப்பலாம். நம் சங்கீத மாணவர்களில் பலருக்கு ஐந்து கோட்டு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது, அதைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே தேடுவது? மலையக எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் பாட்டுகளைத் தொகுத்ததால்தான் எத்தனையோ பாடல்கள் நமக்கு மிஞ்சின. அச்சில் சொல்லைப் பிடிக்கலாம், இழுவையைப் பிடிக்க முடியாது. அதை ஒரு மஸ்கெலியாத் தம்பி வயலினில் பிடித்துக் காட்டியிருக்கிறார். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம், நியாயம்தான், அதில் ஒரு பங்கு அக்கறையை நம் ஊர்ப் பிள்ளைகள் மீதும் வைக்கலாம்.

ஏற்பாட்டாளர்கள் இதை வாசித்தால், அடுத்த தடவை இசையை முதலில் வையுங்கள், பேச்சைக் கடைசியில் வையுங்கள், அதுவும் இரண்டு பேரோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆக்கத்தையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் எழுதிய பிள்ளையே வந்து நாலு வார்த்தை பேசட்டும். தப்பு இருக்கிற ஆக்கத்தைத் தொடக்கத்தில் போடுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான், முடியும் வரைக்கும் இருந்து கேட்கக்கூடிய ஒருவரை அனுப்பி வையுங்கள்.

அந்தக் குழுவை மறுபடி அழைக்க முடியுமானால் எங்கள் பாடசாலையில் நடத்தலாம், அதிபரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். பதுளைப் பையனின் ஆக்கம் முதலில். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் எல்லாப் பக்கத்துக்கும் திரும்பிப் போக பஸ் இருக்கும்.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
கொட்டகலை